வெள்ளரிக்குளத்துக்கு வந்த இரண்டு கப்பல்கள்

கிருபாபுரத்து வெள்ளரிக்குளத்துக்குத் தண்ணீர் வந்து சேருவதற்கு முன்னால் கப்பல்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் குளத்தங்கரை வழியாகப் பால் கேனோடு வந்த பால்காரர், மேலக்கரையை ஒட்டி ஒன்றும் கீழக்கரையை ஒட்டி ஒன்றுமாக, அம்மன் கோயில் கோபுரத்தையும் தேவாலயத்துக் கோபுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத உயரத்தில், வெள்ளை வெளேரென்று இரண்டு சொகுசுக் கப்பல்கள் வெடித்துக்கிடந்த களிமண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இனிமேல் இந்தப் பாதையில் நிழல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார்.

அவரிடம் பால் வாங்க வாசலுக்கு வந்த எப்சிபாய்க்குத் தெருமுனை வேப்பமரத்துக்கு மேலே கப்பலின் புகைக்குழாய் தெரிந்தது. இது யார் செய்த வேலை என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் முழங்காலில் நின்று அவள்தான் கேட்டாள்.

அவளுக்கும், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கியே ஓய்வுபெற்ற ஞானதுரைக்கும் நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது. மஸ்கட்டில் இருக்கும் மகன் ஆல்வினுக்கும் மெல்பர்னில் இருக்கும் மகள் பியூலாவுக்கும், அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரே நேரத்தில் ஒரே யோசனை உதித்ததை, ஆண்டவருடைய செயல் என்றுதான் எப்சிபாய் முதலில் ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு பார்த்தால், ஆல்வின் பார்த்து வைத்தது ‘ப்ளூ பரோனஸ்’ என்ற கப்பல், பியூலா பார்த்து வைத்தது ‘ராயல் மாரியெட்டா’ என்ற கப்பல். அவன் கப்பலில் அவள் ஏறமாட்டாள், அவள் கப்பலில் அவன் ஏறமாட்டான்.

அது பழைய காயம். பியூலாவுக்கும் ஆல்வினின் மனைவிக்கும் ஒரே மாதத்தில் பேறுகாலம் வந்தது. மருமகளுக்குத் தாய் இல்லை. “உனக்கு மாமியார் இருக்காவல்ல, அம்மாவ எனக்கு விட்டுக்கொடு” என்று அண்ணன் கேட்டான். “முதல் பேறுகாலத்துக்குப் பெத்த அம்மா இல்லாம எவ இருப்பா?” என்று தங்கச்சி கேட்டாள். எப்சிபாய் மெல்பர்னுக்கு மகளிடம் போனாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நின்ற பேச்சு, அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய், சைக்கிள் ஓட்டி, முன்பல் விழுந்து முளைத்த பிறகும் திரும்ப வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்வாள், அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவன் அம்மாவிடம் சொல்வான். நடுவில் நின்று இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் போட்டே எப்சிபாய்க்குத் தொண்டை வறண்டது. இப்போது கப்பலைத் தெரிந்தெடு என்கிறார்கள். எந்தக் கப்பலைச் சொன்னாலும் ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதாகும்.

இரண்டு பேரும் போனில் அனுப்பிக்கொண்டே இருந்த படங்களைப் பார்த்துக் கண் பூத்துப்போய்த்தான் அவள் கேட்டாள்: “ஆண்டவரே, படத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் பிடிபடல. ரெண்டையும் ஒருதரம் என் கண்ணு முன்னால காட்டிரும். பாத்துட்டு ஒரு முடிவுக்கு வாரேன்.”

மழை கேட்டிருக்கிறாள், வருஷக்கணக்காக. பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும் என்று முழங்கால் காய்த்துப்போகிற அளவுக்குக் கேட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் பொறுத்திரு என்றவர், இதை மட்டும் விடியுமுன் அனுப்பிவைத்துவிட்டார். பெரிய இடங்களில் சின்ன விண்ணப்பங்கள்தான் சீக்கிரம் கையெழுத்தாகும்போல என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக அந்த இடத்திலேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

கப்பல்களைப் பழகிக்கொள்ள ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. மேற்கே நின்ற ப்ளூ பரோனஸ் மேலக்கப்பல், கிழக்கே நின்ற ராயல் மாரியெட்டா கீழக்கப்பல் என்று பெயராயிற்று. தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து, நீர்நிலையை ஆக்கிரமித்திருப்பதாக இரண்டின் மேலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, அதே குளத்துக்குள் எழும்பி நின்ற கல்யாண மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆளும் கட்சிக்காரர்கள், குளத்துக்குக் கப்பல் கொண்டுவந்த தங்கள் தலைவருக்கு நன்றி என்று பேனர் கட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், கப்பலுக்கு முதலில் அடிக்கல் நாட்டியது தங்கள் தலைவர்தான் என்று அதைவிடப் பெரிய பேனர் கட்டினார்கள். மூட்டுவலிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் போய் லிஃப்டில் சும்மா ஏறி இறங்கிவிட்டு, வலி குறைந்திருப்பதாகச் சாட்சி சொன்னார்கள். மேலக்கப்பலின் மேல்தட்டில் விரித்திருந்த பச்சைப் புல்லைப் பார்த்து ஏறிப்போன ஆடுகள், அது பிளாஸ்டிக் என்று தெரியாமல் மென்று, இரண்டு நாள் வயிறு உப்பிக் கிடந்தன. மேலக்கப்பலுக்கு அது ஒரு குறையாக ஊருக்குள் பேசப்பட்டது.

ஆனால் ஊரின் மனத்தைப் பிடித்தது லிஃப்டும் அல்ல, நடனக்கூடமும் அல்ல, இரவும் பகலும் எரிந்த சரவிளக்கும் அல்ல. இரண்டு கப்பல்களின் உச்சியிலும் நீச்சல் குளம் இருந்தது, அதில் தண்ணீர் இருந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீர் திறந்துவிடுகிறவனுக்கே தெரியாத ஊர் அது. முதல் நாள் தயங்கித் தயங்கிப் போன பெண்கள், மறுநாள் பிளாஸ்டிக் குடங்களோடு போனார்கள். சாய்வு நாற்காலிகளில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள், குடத்தை அமுக்கும்போது வருகிற களக் களக் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டார்கள்.

எப்சிபாய்க்காகத்தான் கப்பல்கள் வந்திருக்கின்றன என்று எப்படியோ தெரிந்துபோனதும், அடுத்த வீட்டுச் சுயம்புக்கனி, இரண்டு கப்பல் தண்ணீரிலும் ஒவ்வொரு குடம் கொண்டுவந்து அவள் அடுப்படியில் இறக்கினாள்.

“யக்கா, போட்டோவும் வீடியோவும் பாத்து எவளாவது கப்பல் எடுப்பாளா? ரெண்டு தண்ணியிலயும் பருப்பப் போடுங்க. எதுல வேகுதோ அதுல ஏறுங்க.”

எப்சிபாய்க்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு அடுப்பிலும் துவரம்பருப்பு ஏறியது. தெருப் பெண்கள் எல்லாம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றார்கள். மேலக்கப்பல் தண்ணீரில் பருப்பு பூவாய் மலர்ந்தது. கீழக்கப்பல் தண்ணீரில் கல்லாகவே கிடந்தது.

“அப்ப மேலக்கப்பல்தான்” என்றாள் சுயம்புக்கனி.

“அதெப்படி?” என்று வாசலிலிருந்து ஒருத்தி சண்டைக்கு வந்தாள். “அந்தத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. எங்க கீழக்கப்பல் தண்ணியில துவைச்சுப் பாரு, துணி என்னமா வெளுக்குது தெரியுமா?”

“நீ கப்பல்ல துணி துவைக்கவா போவ?”

“நீ மட்டும் பருப்பு வேகவைக்கவா போவ?”

போகப்போவது தாங்கள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாயிற்று. உண்மையைச் சொன்னால், தேவாலயத்தில் நடந்த போன சபைத் தேர்தலிலிருந்தே கிருபாபுரம் இரண்டாகத்தான் கிடந்தது. எதற்காக இரண்டாகக் கிடக்கிறோம் என்பதற்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது. மேலக்கப்பல்காரர்கள் டீ குடித்த கடையில் கீழக்கப்பல்காரர்கள் குடிக்கவில்லை. பாடகர் குழுவில் பெண்குரல்கள் எல்லாம் கீழக்கப்பலும் ஆண்குரல்கள் எல்லாம் மேலக்கப்பலுமாகப் பிரிந்துபோக, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒரு வரி வானத்திலும் ஒரு வரி பாதாளத்திலுமாக ஒலித்தது. சம்பந்தம் பேச வந்த ஒரு வீட்டார், பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதற்கு முன்னால், நீங்கள் எந்தக் கப்பல் என்று கேட்டார்கள்.

இரண்டு கப்பல்களின் கேப்டன்களும் வெள்ளைச் சட்டையில் தங்கப் பொத்தான்கள் மின்ன, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு எப்சிபாயைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் பேசியது எந்த மொழி என்று தெரியவில்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. மேலக்கப்பல் கேப்டன், எங்களிடம் சறுக்குமரம் உண்டு என்றார். கீழக்கப்பல் கேப்டன், எங்களிடம் அமைதி உண்டு என்றார். எப்சிபாய் இருவருக்கும் காப்பி கொடுத்து, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினாள்.

“நீங்க என்னதான் சொல்லுதிய?” என்று புருஷனைக் கேட்டாள்.

ஞானதுரை இரண்டு கப்பலுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். “வயரிங் ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கு. கக்கூஸும் சுத்தம். நீ எதுல வாரியோ அதுல நானும் வாரேன், பொறவு என்ன?” என்றார்.

செய்தி கேட்டுப் பிள்ளைகள் இருவரும் பறந்து வந்தார்கள். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆல்வின் மனைவி மக்களோடு மேலக்கப்பலில் ஏறிக்கொண்டான், பியூலா புருஷன் மக்களோடு கீழக்கப்பலில் ஏறிக்கொண்டாள். எப்சிபாயின் நாட்கள் அதற்குப் பிறகு ஏணிப்படிகளில் கழிந்தன. மேலக்கப்பலில் ஏறினால், “அம்மா, அவகிட்டச் சொல்லுங்க, அவ கப்பல்ல பிள்ளைகளுக்கு விளையாட ஒரு இடம் கிடையாது” என்பான் மகன். இறங்கி, வெடிப்புகளில் கால் மாட்டாமல் குளத்தைக் குறுக்கே கடந்து, கீழக்கப்பலில் ஏறினால், “அவன்கிட்டச் சொல்லுங்கம்மா, அவன் கப்பல்ல சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கணும். இங்க டேபிளுக்கே வரும்” என்பாள் மகள். திரும்பவும் இறங்கி, திரும்பவும் கடந்து, திரும்பவும் ஏறி. இரண்டு பேத்திகளும் இரண்டு கப்பல்களின் மேல்தட்டிலிருந்து ஒருத்தியை ஒருத்தி பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஊர் பொறுமை இழந்தது. கடைசியில் சபைக் குருவானவர், திருவுளச்சீட்டுப் போடுவது என்று தீர்மானித்தார். கிருபாபுரத்தில் அது வழக்கம்தான். ஜெபம் பண்ணி, சீட்டுகளைக் குலுக்கி, வந்த சீட்டை ஆண்டவருடைய வார்த்தையாக எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையா, மேற்படிப்பா, ஆபரேஷனா, நாட்டு மருந்தா என்று எத்தனையோ காரியம் அப்படி முடிவாகியிருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மேலக்கப்பல்காரர்கள் ஒரு பக்கமும் கீழக்கப்பல்காரர்கள் ஒரு பக்கமும் நிற்க, சுயம்புக்கனியும் அம்மன் கோயில் தெரு ஆட்களும் ஜன்னல் வழியாகப் பார்க்க, குருவானவர் இரண்டு சீட்டுகளையும் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கி எப்சிபாயிடம் நீட்டினார். ஆல்வின் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். பியூலா எதிர்த் தூணில் சாய்ந்து நின்றாள்.

எப்சிபாய் கண்ணை மூடினாள். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டது கிடைத்துவிடும் என்பது தெரிந்த பிறகு ஜெபம் பண்ணுவது எவ்வளவு கஷ்டம்! பைக்குள் கையை விட்டாள். விரலுக்கு இரண்டு சீட்டும் தட்டுப்பட்டன. ஒன்றை எடுத்தால் ஒன்று உள்ளே கிடக்கும். மெல்பர்னுக்குப் போன அன்றைக்கு எடுக்காமல் விட்ட மகனுடைய சீட்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. அவள் இரண்டையும் சேர்த்து எடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதைப் புருஷன் கையில் வைத்தாள்.

“அம்மா, ஒண்ணுதான் எடுக்கணும்” என்றார் குருவானவர்.

“நான் ஒண்ணுதான் ஐயா எடுத்திருக்கேன். அது அவிய சீட்டு.”

பிரித்துப் பார்த்தார்கள். அவளுக்கு மேலக்கப்பல், ஞானதுரைக்குக் கீழக்கப்பல். உடனே மேலக்கப்பல்காரர்கள் தாங்கள் ஜெயித்ததாகவும் கீழக்கப்பல்காரர்கள் தாங்கள் ஜெயித்ததாகவும் ஒரே நேரத்தில் உணர்ந்து, வாசலுக்கு ஓடி வெடி கொளுத்தினார்கள். “அம்மா எங்கூட வாராவ, எனக்கு அது போதும்” என்றான் ஆல்வின். “அப்பா எங்கூட வாராங்க, எனக்கு அது போதும்” என்றாள் பியூலா. நாற்பதாவது கல்யாண நாளைக் கொண்டாட மாப்பிள்ளை ஒரு கப்பலிலும் பெண் ஒரு கப்பலிலுமாகப் போவதை இரண்டு தரப்பும் மிக நல்ல ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டன. தம்பதிகளை வாழ்த்தி இரண்டு தனித்தனி பேனர்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் அவள் படம் மட்டும், மற்றதில் அவர் படம் மட்டும்.

வீட்டில் இரண்டு பெட்டிகள் கட்டிலில் திறந்து கிடந்தன. “என் துண்டு எங்க இருக்கும்?” என்று கேட்டார் ஞானதுரை. அலமாரி இரண்டாம் தட்டு என்றாள். “பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?” என்று கேட்டார். பின்னால் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீ சும்மா பயங்காட்டத்தானே அப்படிச் செஞ்ச?” என்று கேட்டார். அவள் அவருடைய பனியன்களை மடித்தாள். சும்மாவா, நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை.

புறப்படுகிற அன்று, வழியனுப்ப வருகிறவர்களுக்கு வசதியாக இரண்டு கப்பல்களும் களிமண்ணில் வழுக்கிக்கொண்டே நகர்ந்து, குளத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. தண்ணீர் இல்லாமல் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. வந்த கப்பலுக்குப் போகத் தெரியாதா? மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள். எப்சிபாய் மேலக்கப்பலின் ஏணிப்படியில் ஏற, மேலே ஆல்வின் அவள் பெட்டியையும் பையையும் வாங்கிக்கொண்டான். ஞானதுரை கீழக்கப்பலின் ஏணிப்படியில் ஏற, மேலேயிருந்து இறங்கி வந்து பியூலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் நின்று அவர் சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடியைத் தடவினார்.

“ஏ எப்சி! என் கண்ணாடி எங்க?”

மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

“ஏட்டி எப்சி! கண்ணு தெரியல!”

பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை இரண்டு தரம் கூப்பிட்டாள். அம்மா மேளக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் பியூலா வாயிலிருந்து வேறு வார்த்தை வந்துவிட்டது.

“அண்ணே! அப்பா கண்ணாடி அம்மா பையில இருக்கும். எடுத்து இங்க எறி!”

ஆல்வின் குனிந்து பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துவிட்டான். கையை ஓங்கியும் விட்டான். “எறியவா? லூசாட்டி நீ? கண்ணாடிய எவனாவது எறிவானா? இறங்கி வந்து வாங்கிட்டுப் போ!”

“அப்பாவப் படியில விட்டுட்டு நான் எப்படி வர? நீ கொண்டா!”

“அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரியுதுல்ல, அவியள ஏன் தனியாக் கூட்டிட்டுப் போற?”

“நீ மட்டும் அம்மாவ ஏன் தனியாக் கூட்டிட்டுப் போற? மூட்டுவலிக்காரிய அந்தச் சறுக்குமரத்துல உருட்டிவிடவா?”

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆல்வின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினான். பியூலாவும் இறங்கினாள். இரண்டு ஏணிகளுக்கும் நடுவில், வெடிப்பு விட்ட மண்ணில் நின்று, கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள்.

“அன்னைக்கு நான் உன்ட்ட என்ன கேட்டேன்? ஒரு மாசம் கேட்டேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில ஒத்தையில கிடந்தா!”

“நீ கேட்டியா? நீ அதிகாரம் பண்ணின! அங்க எனக்குப் பிள்ள தலை திரும்பலன்னு சொன்னாங்க. உனக்கு அது தெரியுமா?”

“நீ சொன்னியா?”

“நீ போன எடுத்தியா?”

“தலை திரும்பலயா?”

“ஆமா, திரும்பல!”

“சொல்லித் தொலைச்சா என்ன?”

மேலக்கப்பல்காரர்களுக்கும் கீழக்கப்பல்காரர்களுக்கும் யார் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் கப்பலைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. “யக்கா, ரெண்டு பேரும் அடிச்சுக்கிடப் போறாவ, போய் விலக்கிவிடுங்க” என்று சுயம்புக்கனி கீழேயிருந்து கத்தினாள்.

எப்சிபாய் விலக்கிவிடப் போகவில்லை. நின்ற படியிலேயே மெல்ல உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் சொன்னது மகனுக்கு நேராகக் கேட்டது, மகன் சொன்னது மகளுக்கு நேராகக் கேட்டது. நடுவில் அவளுக்கு வேலையே இல்லை. எதிர் ஏணியில் ஞானதுரையும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரிந்திருக்காது, ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

அந்த நேரம் பார்த்து மேலக்கப்பல் புறப்படுவதற்கு அடையாளமாக ஊதியது. மேலத்தெரு ஜன்னல்கள் அதிர, புறாக்கள் எல்லாம் தேவாலயத்துக் கோபுரத்திலிருந்து எழும்பிப் பறக்க, கீழக்கப்பலும் விட்டுக்கொடுக்காமல் அதைவிடப் பலமாக ஊதியது. பிள்ளைகள் பேசுவது காதில் விழவில்லை.

யாரையும் ஒருநாளும் அதட்டிப் பேசியறியாத எப்சிபாய் படியில் எழுந்து நின்றாள். தலைக்கு மேலே மாடி மாடியாக உயர்ந்து நின்ற அந்த வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

“கொஞ்சம் சும்மா இரியும். பிள்ளைய பேசிக்கிட்டு இருக்காவ.”